வினிகருக்கு யார் டெண்டர் விடுவார்?

டெல்லியில் மழை பெய்ய வைக்கப் போகிறோம் என்றார்கள். 2025 அக்டோபர் 28 அன்று கான்பூர் ஐஐடி ஏற்பாடு செய்த செஸ்னா விமானம் தலைநகரின் மேல் பறந்து, வெள்ளி அயோடைடும் உப்பும் கலந்த தூளைத் தூவியது. ஐந்து முறை தூவிப் பார்க்க டெல்லி அரசு ஒதுக்கிய தொகை 3 கோடியே 21 லட்சம் ரூபாய். அன்றைக்கு மேகத்தில் ஈரம் பத்துப் பதினைந்து சதவீதம்தான் இருந்தது. அதை மேகம் என்று அழைத்ததே அரசு மரியாதைக்காக. மழையும் வந்தது. நொய்டாவில் 0.1 மில்லிமீட்டர், கிரேட்டர் நொய்டாவில் 0.2 மில்லிமீட்டர். ஆளுக்கொரு சொட்டு என்று பங்கு போட்டிருந்தாலும் வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் உலர்ந்த கையோடுதான் வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

குளிர்காலத்தில் இந்த வித்தை டெல்லிக்குத் தோதுப்படாது என்று வானிலைத் துறை உட்பட மத்திய அரசின் அமைப்புகளே முன்பு கருத்துச் சொல்லியிருந்தன. சொன்னால்? விமானம் பறந்தால் கேமரா நிமிர்ந்து பார்க்கும். வைக்கோலைக் கொளுத்தாமல் இருக்க விவசாயிக்குக் கைகொடுத்தால் எந்தக் கேமரா குனிந்து பார்க்கும்?

வானத்தில் தோற்றதற்கு வருத்தப்பட வேண்டாம், தரையில் ஏற்கெனவே தோற்றாயிற்று. 2021 ஆகஸ்டில் கன்னாட் பிளேஸில் புகையை உறிஞ்சும் கோபுரம் ஒன்றை நட்டார்கள். இருபது கோடி ரூபாய்க்கு மேல். நாற்பது ராட்சத மின்விசிறிகள். ஒரு கிலோமீட்டர் சுற்றுவட்டத்துக்குக் காற்று சுத்தமாகும் என்று முதல்வரே திறந்துவைத்துச் சொன்னார். போகப் போக அந்தக் கிலோமீட்டர் சுருங்கி, கோபுரத்தின் காலடியில் நிற்பவனுக்கு மட்டும் ஏதோ கொஞ்சம் பலன் என்று ஆனது. 2023-ல் ஓட்டமே நின்றுபோய், உச்ச நீதிமன்றம் அதட்டிய பிறகு மறுபடி சுற்றத் தொடங்கியது. திறந்த வெளியில் நின்று ஊர்க் காற்றைச் சலித்தெடுக்கலாம் என்ற யோசனைக்கு ஐஐடி முத்திரையும் கிடைத்தது, டெண்டரும் கிடைத்தது, குத்துவிளக்கும் கிடைத்தது.

அந்த விமானத்தின் மீதோ கோபுரத்தின் மீதோ எனக்குத் தனிப்பட்ட பகை கிடையாது. இப்படிப்பட்டவற்றைத் தேடி ஓடுகிற பணம் வழியில் எதையெல்லாம் தாண்டி ஓடுகிறது என்று தெரிந்ததால் வந்த வயிற்றெரிச்சல் இது.

திண்டுக்கல் மாவட்டத்துக்கு வாருங்கள். 2000-ல் அங்கே ஓர் ஆய்வு தொடங்கியது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமையில் பணியாற்றிய டாக்டர் ரங்கசாமி சங்கரநாராயணனின் குழு, அம்பிளிக்கையில் இருந்த சமுதாய மருத்துவமனையோடும் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையோடும் சேர்ந்து நடத்தியது. கருப்பைவாய்ப் புற்றுநோயை முளையிலேயே கண்டுபிடிக்கும் வழி. அதற்குப் பெரிய இயந்திரம் வேண்டாம், சோதனைக்கூடமும் வேண்டாம். வேண்டியதெல்லாம் பயிற்சி பெற்ற ஒரு நர்ஸ், நல்ல வெளிச்சம், ஸ்பெகுலம், ஒரு குச்சியில் சுற்றிய பஞ்சு, நாலு சதவீத அசிட்டிக் அமிலம். சமையலறை அலமாரியில் வினிகர் என்று நிற்குமே, அந்தச் சரக்குதான். பஞ்சை அதில் நனைத்துக் கருப்பைவாயில் தடவ வேண்டும். ஒரு நிமிஷம் பொறுக்க வேண்டும். கோளாறான இடம் இருந்தால் அது மட்டும் வெள்ளையாகத் தெரியும். பொருத்தமான நிலையில் இருந்தால் அப்போதே, அதே மேஜையில் வைத்தே, குளிர்வாயுவால் உறையவைத்து அந்த இடத்தை அழித்துவிடலாம்; அதையும் நர்ஸே செய்தார். வந்த பெண் இன்னொரு நாள் கூலியை இழந்து திரும்ப வர வேண்டியதில்லை. ரிப்போர்ட் வாங்கிவர யாரையும் அனுப்ப வேண்டியதில்லை. புருஷனிடம் இரண்டாம் முறை அனுமதி கேட்க வேண்டியதில்லை.

மாவட்டத்தில் 114 பகுதிகளைப் பிரித்தார்கள். 57 பகுதிகளில் பரிசோதனை, 57 பகுதிகளில் எதுவும் கிடையாது. 30 முதல் 59 வயது வரை உள்ள பெண்கள். முடிவு 2007-ல் லான்செட் இதழில் வந்தது. ஒரே ஒரு முறை செய்த பரிசோதனையில் நோய் வருவது 25 சதவீதமும், நோயால் சாவது 35 சதவீதமும் குறைந்திருந்தது. பஞ்சும் வினிகரும் ஒரு நிமிஷமும் செய்த வேலை.

அடுத்து மும்பை. டாடா நினைவு மருத்துவமனையின் டாக்டர் சுரேந்திர சாஸ்திரி குழு ஒன்றரை லட்சம் குடிசைப் பகுதிப் பெண்களைப் பன்னிரண்டு ஆண்டு பின்தொடர்ந்தது. அங்கே நர்ஸ்கூட இல்லை, பத்தாவது படித்த உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்துச் செய்ய வைத்தார்கள். சாவு 31 சதவீதம் குறைந்தது. 2013-ல் சிகாகோவில் உலகப் புற்றுநோய் மருத்துவர்கள் கூடிய மாநாட்டின் முதன்மை அமர்வில் இதைச் சொன்னபோது உலகமே பாராட்டியது. உலகம் பாராட்டியது என்றால் நமக்கும் கடமை முடிந்தது என்று பொருள்.

இப்போது கணக்கைப் பார்ப்போம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 30 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் வாழ்நாளில் ஒரு முறையாவது கருப்பைவாய்ப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 1.9 சதவீதம். தமிழ்நாடு 9.8 சதவீதம். நாட்டிலேயே முன்வரிசையில் நிற்கிறோம், தாராளமாகத் தோளைத் தட்டிக்கொள்ளலாம். பத்துப் பேரில் ஒருத்தியைக்கூட உருப்படியாக எட்டவில்லை என்பதற்குக் கிடைத்த மெடல். தேனியிலும் தஞ்சாவூரிலும் முன்னோடித் திட்டம் நடத்திப் பார்த்த மாநிலத்துக்கே இந்தக் கதி. பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் இருக்கும் பெண்களைப் பற்றிக் கேட்காதீர்கள்.

ஏன் இப்படி? காரணம் ரொம்பச் சின்னது. வினிகர் பாட்டிலைத் திறந்துவைக்க எந்த அமைச்சரும் வரமாட்டார். மூடியைத் திருகினால் திறந்துகொள்ளும், ரிப்பன் கட்ட இடமில்லை. அதற்கு விற்பனைப் பிரதிநிதி கிடையாது, டாக்டர்களைக் குடும்பத்தோடு பாங்காக் கூட்டிப்போகும் கம்பெனி கிடையாது. கோடிக் கணக்கில் டெண்டர் விட்டால்தான் அதில் நாலு பேர் வாழலாம். நாலு ரூபாய்ப் பஞ்சில் யார் வாழ முடியும், அந்தப் பெண்ணைத் தவிர?

இனிச் சொல்வதை அடிவயிறு எரியத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. திண்டுக்கல், மும்பை, மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் என்று நடந்த மூன்று பெரிய ஆய்வுகளிலும் ஒப்பீட்டுக் குழு என்று ஒன்று இருந்தது. மொத்தம் 1,38,624 பெண்கள். அவர்களுக்கு நோயைப் பற்றி விளக்கிச் சொன்னார்கள். பரிசோதிக்கவில்லை. அவர்களில் 254 பேர் கருப்பைவாய்ப் புற்றுநோயால் செத்துப்போனார்கள். இது நியாயமா என்று அமெரிக்க மருத்துவர் எரிக் சுபா விடாமல் கேள்வி எழுப்பினார். கிடைத்த பதில் என்ன தெரியுமா? இந்தியாவில் வழக்கமாகக் கிடைக்கும் கவனிப்பே பரிசோதனை இல்லாமைதான், ஆகவே அவர்களிடமிருந்து எதையும் பறிக்கவில்லை. இல்லாததை எப்படிப் பறிப்பது? வக்கீல் வாதமாகப் பார்த்தால் ஓட்டை கண்டுபிடிப்பது சிரமம். ஒப்பிட்டுக் காட்டாமல் உலகம் நம்பாது என்ற ஆய்வாளர்களின் வாதத்திலும் கொஞ்சம் உண்மை உண்டு. எனக்கு சுபாவின் கேள்விதான் பெரிதாகப் படுகிறது. ஆனால் ஆய்வு செய்தவர்களாவது ஒன்றைக் கண்டுபிடித்துக் கையில் கொடுத்தார்கள். வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டியவர்களை எந்த நெறிமுறைக் குழு கூப்பிட்டு விசாரித்தது?

அந்த 254 பேரும் தங்களுக்குத் தெரியாமலே ஒரு கேள்விக்கு விடையாகிப் போனவர்கள். விடை 2007-ல் ஒரு முறை வந்தது, 2009-ல் வந்தது, 2014-ல் இன்னொரு முறை வந்தது. அதற்குப் பிறகும் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பெண்களைப் பரிசோதிக்காமல் விட்டிருக்கிறோம். இன்றைக்கு இந்த நாடே ஒப்பீட்டுக் குழு. ஒப்பிட்டுப் பார்க்கத்தான் எதிர்ப்பக்கத்தில் யாரும் இல்லை. 2022-க்கான உலக மதிப்பீட்டின்படி இந்தியாவில் இந்த ஒரு புற்றுநோயால் ஆண்டுக்குச் சுமார் 80 ஆயிரம் பெண்கள் சாகிறார்கள். ஏழு நிமிஷத்துக்குள் ஒருத்தி. வினிகர் தடவிக் காத்திருக்க வேண்டியது ஒரு நிமிஷம்.

வினிகர் மட்டும்தான் துரதிர்ஷ்டசாலி என்று நினைக்க வேண்டாம். பல் பிடுங்கும்போது ஈறு மரத்துப்போகப் போடுவார்களே லிக்னோகைன் ஊசி, அதை மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சைக்குச் சுமார் பத்து நிமிஷம் முன்னால் கட்டியைச் சுற்றிப் போட்டால் என்ன ஆகும் என்று டாடா நினைவு மருத்துவமனையின் டாக்டர் ராஜேந்திர பட்வே குழு சோதித்துப் பார்த்தது. சுமார் 1,600 பெண்கள். ஐந்து ஆண்டுக்குப் பிறகு உயிரோடு இருந்தவர்கள் ஊசி போட்டவர்களில் 90.1 சதவீதம், போடாதவர்களில் 86.4 சதவீதம். செலவு நூறு ரூபாய்க்குள். இதே பலனை ஒரு புது மாத்திரை தந்திருந்தால் அதன் விலையில் ஒரு வீட்டு மனை வாங்கலாம், பத்திரிகைகள் முதல் பக்கத்தில் போட்டிருக்கும், பங்குச் சந்தை குதித்திருக்கும். லிக்னோகைனுக்குக் காப்புரிமை எப்போதோ காலாவதி. இன்னும் பெரிய ஆய்வு நடத்தி உறுதிப்படுத்தட்டும் என்று உலக நிபுணர்கள் சொல்கிறார்கள். சரிதான், நடத்தட்டும். யார் காசில்? நூறு ரூபாய் ஊசிக்காக எந்தக் கம்பெனி நூறு கோடி செலவழிக்கும்?

இன்னொன்று. தலை, கழுத்துப் புற்றுநோய் நம் ஊர் நோய், புகையிலையும் பாக்கும் வாரிக் கொடுத்தது. நிவோலுமாப் என்ற நோய் எதிர்ப்பு மருந்து பல லட்சம் பிடிக்கும். வழக்கமான அளவு இரண்டு வாரத்துக்கு 240 மில்லிகிராம். அதே டாடா நினைவு மருத்துவமனையின் டாக்டர் விஜய் பாட்டீல், டாக்டர் குமார் பிரபாஷ் குழு மூன்று வாரத்துக்கு ஒருமுறை 20 மில்லிகிராம் மட்டும் கொடுத்தது, மலிவான மாத்திரைகளோடு சேர்த்து. ஓராண்டு தாண்டி உயிர் வாழ்ந்தவர்கள், மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களில் 16.3 சதவீதம், இந்தச் சிட்டிகை மருந்தும் சேர்த்தவர்களில் 43.4 சதவீதம். கம்பெனி சொன்ன அளவு எதற்காக அவ்வளவு பெரிது என்ற கேள்வி இதற்குள்ளே இருக்கிறது. மருந்தைக் குறைத்துக் கொடுங்கள் என்று விளம்பரம் போடும் மருந்துக் கம்பெனியை நீங்கள் பார்த்ததுண்டா?

சரி, இப்படி மூளையைக் கசக்கி மலிவு விலையில் உயிரைக் காப்பாற்றுகிற நாட்டில் ஆராய்ச்சிக்காரனை அரசு எப்படி வைத்திருக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

2024 ஜூலை பட்ஜெட்டில் சோதனைக்கூட ரசாயனங்களுக்கான சுங்க வரியைப் பத்து சதவீதத்திலிருந்து 150 சதவீதம் ஆக்கினார்கள். அச்சுப் பிழை என்று நினைத்துக் கண்ணைத் தேய்க்க வேண்டாம், நூற்றைம்பதேதான். யாரோ சிலர் சோதனைக்கூட ரசாயனம் என்று பொய்க் கணக்கு எழுதிச் சாராயத்துக்கான எத்தனாலை இறக்குமதி செய்தார்களாம். ஆகவே சாராய வியாபாரியைப் பிடிக்க, புற்றுநோய் செல்லுக்குச் சாயம் ஏற்றிக்கொண்டிருந்த முனைவர் பட்ட மாணவியின் கழுத்தைப் பிடித்தார்கள். விஞ்ஞானிகள் அலறியதும் ஒன்பதே நாளில் பழையபடி பத்து சதவீதத்துக்கு இறங்கி வந்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில், ஆராய்ச்சிக்கு வாங்கிய நிதிக்கு ஜிஎஸ்டி கட்டவில்லை என்று டெல்லி ஐஐடிக்கு 120 கோடி ரூபாய்க்கு நோட்டீஸ் போனதாகச் செய்தி வந்தது. ஆராய்ச்சி ஒரு சேவையாம், சேவைக்குப் பதினெட்டு சதவீதமாம். இடது கை கொடுத்ததை வலது கை கணக்குப் பார்த்துப் பிடுங்கும் இந்த வித்தைக்கு நோபல் தனியாகத்தான் தர வேண்டும். செப்டம்பரில் ஜிஎஸ்டி கவுன்சில் கூடி விலக்கு அளித்தது. வரி போடுவதற்கு முன் ஒரு விஞ்ஞானியிடம் போன் போட்டுக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

நிதி கையில் வந்தால் மட்டும் என்ன? ஒரு அரசு ஆய்வகத்தின் பர்ச்சேஸ் பிரிவுக்குப் போய் நின்று பாருங்கள். நுண்ணோக்கிக்கு ஒரு லென்ஸ் வேண்டும். மூன்று கொட்டேஷன் வேண்டும், உலகத்தில் அதைச் செய்பவன் ஒருத்தனாக இருந்தாலும். 2025-ல் விதியைத் தளர்த்தும் வரை, அரசின் ஆன்லைன் சந்தையில் கிடைக்கவில்லை என்ற சான்றிதழும் வேண்டியிருந்தது. குறைந்த விலை கேட்டவனுக்கே ஆர்டர், அவன் அனுப்பும் பீக்கர் வெந்நீரில் விரிசல் விட்டாலும் சரி. கோப்பு கிளார்க்கிடமிருந்து செக்‌ஷன் ஆபீசருக்கு ஏறி, கேள்வி ஒன்றைச் சுமந்து இறங்கி, மறுபடி ஏறும். மார்ச் மாதம் வந்ததும் இதே அலுவலகம் தலைகீழாக மாறும்: 31-க்குள் செலவழி, இல்லையென்றால் பணம் திரும்பிப் போகும், யு.சி. என்ற பயன்பாட்டுச் சான்றிதழை யார் கொடுப்பது? அப்போது லென்ஸுக்குப் பதில் ஏசி, நாற்காலி, பிரிண்டர் வந்து இறங்கும். செல் வளர்க்க வேண்டியவர் நாற்காலியில் உட்கார்ந்து ஏசியில் யு.சி. தட்டச்சு செய்வார். அந்த ஆண்டு ஆராய்ச்சி இனிதே நிறைவுறும். கைட் அந்தக் கணக்கில் மூழ்கியிருக்க, ஆய்வு மாணவர் மூன்று மாதமாக வராத ஃபெல்லோஷிப்புக்காக ஹாஸ்டல் மெஸ்ஸில் கடன் சொல்லிக்கொண்டிருப்பார். ‘நெட்’ தகுதித் தேர்வு தேறாத முனைவர் பட்ட மாணவர் என்றால் மத்தியப் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகளாக மாதம் 8,000 ரூபாய். மெஸ் பில் கட்டினால் மிச்சம் செமினாருக்குப் போகும் பஸ் டிக்கெட்.

பணமே இல்லையா என்றால், சில தலைப்புகளுக்கு மட்டும் கதவு தானாகத் திறக்கும். 2020 பிப்ரவரியில் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை நாட்டுப் பசு ஆய்வுக்கு விண்ணப்பம் கோரியது. பால், சாணம், கோமியத்திலிருந்து புற்றுநோய்க்கும் நீரிழிவுக்கும் மருந்து காண வேண்டுமாம். அதே அறிவிப்பில் ஷாம்பு, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய், தரை துடைக்கும் திரவமும் உண்டு. புற்றுநோய் மருந்தும் தரை துடைக்கும் திரவமும் ஒரே திட்டத்தில். ஐநூறுக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் கையெழுத்துப் போட்டு இதைத் திரும்பப் பெறுங்கள் என்றார்கள். எதையும் ஆராயலாம், அதில் தப்பில்லை. முடிவை முதலில் எழுதிவிட்டு ஆய்வுக்கு ஆள் தேடினால் அதற்குப் பெயர் ஆராய்ச்சி கிடையாது, கிளி ஜோசியம். பசு பாவம், வாயில்லா ஜீவன். அதன் பெயரால் மனு போட்டவன் யாரும் அதனிடம் கேட்கவில்லை. திண்டுக்கல் நர்ஸின் பஞ்சுக் குச்சிக்கு இத்தகைய தெய்வ அருள் இல்லாமல் போயிற்று.

நாடு ஆராய்ச்சிக்குச் செலவழிப்பது மொத்த உற்பத்தியில் 0.64 சதவீதம். சீனா இதைப்போல மூன்று மடங்குக்கு மேல், தென் கொரியா ஏழு மடங்குக்கு மேல். இந்தக் குறையைத் தீர்க்க 2023-ல் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்குச் சட்டம் போட்டார்கள். ஐந்து ஆண்டில் 50,000 கோடி ரூபாய். தலைப்பைப் படித்ததும் நானும் எழுந்து நின்றேன். கீழே படித்ததும் உட்கார்ந்துவிட்டேன். அதில் சுமார் 36,000 கோடி தொழிலதிபர்களும் கொடையாளர்களும் தருவார்களாம். கல்யாணச் சாப்பாட்டில் எழுபது சதவீதம் பக்கத்து வீட்டுக்காரர் சமைப்பார் என்று நம்பிப் பத்திரிகை அச்சடித்த கதை. தரப் போகிற தொழிலதிபர் எதற்குத் தருவார்? காப்புரிமை கிடைக்கும் மாத்திரைக்குத் தருவார், விற்கக்கூடிய பேட்டரிக்குத் தருவார். அதில் தப்புச் சொல்ல மாட்டேன், அவர் கடை வைத்திருப்பவர். வினிகருக்கும் லிக்னோகைனுக்கும் கடைக்காரன் தரமாட்டான் என்பதால்தானே அரசாங்கம் என்று ஒன்றை வரி கட்டி வளர்க்கிறோம்?

இப்போது புதுச் செய்தி ஒன்று உண்டு. வினிகர் முறை பழசாகிவிட்டது. பரிசோதிப்பவரின் கண்ணை நம்ப வேண்டியிருக்கிறது, நழுவவிடும் வாய்ப்பு அதிகம், இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் ஹெச்பிவி வைரஸின் மரபணுவைத் தேடும் சோதனையே மேல் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2021-ல் சொல்லிவிட்டது. அது சரியான அறிவியல்தான், எனக்கு மறுப்பில்லை. அதிகாரிகளுக்கோ பரம நிம்மதி. இருபது ஆண்டு ஒரு வேலையைச் செய்யாமல் இருந்தால் வேலையே காலாவதியாகி, பாக்கி தானாகத் தள்ளுபடியாகிவிடுகிறது. 2025 ஏப்ரலில் உள்நாட்டிலேயே தயாரான ஹெச்பிவி சோதனைக் கருவிகளை மத்திய அமைச்சர் பெருமையோடு அறிவித்தார். இனி மாவட்டத்துக்கொரு முன்னோடித் திட்டம் வரும், குழு வரும், குழுவின் அறிக்கையை ஆராய இன்னொரு குழு வரும். அந்தச் சோதனை இந்தியக் கிராமத்தில் பலன் தருமா என்று பார்க்க வேண்டாமா என்பார்கள்.

பார்த்தாயிற்று. உஸ்மானாபாத் மாவட்டத்தில், 497 கிராமங்களில், 1,31,746 பெண்களிடம் பார்த்து, ஒரே ஒரு முறை செய்த ஹெச்பிவி சோதனையில் சாவு ஏறத்தாழ பாதியாகக் குறைகிறது என்று 2009-லேயே எழுதி வைத்தாயிற்று. அதற்குப் பிறகு அந்த மாவட்டத்தில் அரசாங்கம் சுணங்காமல், முன்னோடித் திட்டம் எதுவும் நடத்தாமல், ஒரேயடியாகச் செய்துமுடித்த வேலை எனக்குத் தெரிந்து ஒன்றுதான்: 2023-ல் உஸ்மானாபாத் என்ற பெயரை அழித்துவிட்டு தாராசிவ் என்று எழுதினார்கள்.